கொழுந்தனுக்குக் கண்டி காட்டிய நாள்

கதவின் பித்தளைக் கைப்பிடியில் கையை வைத்தபடி சுமன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“அண்ணி, உள்ள வர்றீங்களா, இல்ல இங்கயே நிக்கிறீங்களா?”

மரியாதையாகத்தான் கேட்டான். கண்டி வாவிக்கு அடுத்த தெருவில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த பார். அந்தத் தெருவழியாகத்தான் நான் தினமும் புடைவைக் கடைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஒருநாளும் தலையை நிமிர்த்தி அதன் பெயர்ப் பலகையைப் பார்த்ததில்லை. உள்ளே போனால், கடையில் என்னோடு நிற்கிற பெண்களில் யாராவது ஒருத்தி கண்டுவிட்டு நாளைக்கே ஊரெல்லாம் தமுக்கடிப்பாள். வெளியே நின்றால், இவன் உள்ளே என்ன குடித்தான் என்று எனக்குத் தெரியாமல் போகும். ஊர் வாயா, இவன் வாயா என்று பார்த்தால், அன்றைக்கு எனக்கு இவன் வாய்தான் பெரிதாக இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பின்னால் படியேறினேன்.

சுமன் என் கணவர் கணேசின் தம்பி. கணேசுக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினோடு கிடக்கிறார். ஒன்று கொடுக்கலாமென்றால் என்னுடைய இரத்தம் அவருக்கு ஒத்துவரவில்லை. மாமியாருக்குச் சீனி வருத்தம், கொடுக்க முடியாது. ஒத்துவந்தது சுமனுடையது மட்டுந்தான். மறுநாள் காலையில் கடைசியாக ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்து, டொக்டர்மார் அவனோடு பேசி, எல்லாம் சரியென்றால் அப்படியே வார்டில் படுக்க வைத்துவிடுவார்கள். சோதனையில் ஒரு சொட்டு மது தெரிந்தாலும் எல்லாம் நின்றுபோகும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். சுமனோ நீர்கொழும்பில், கடற்கரை ஹொட்டேல் ஒன்றின் பாரில் போத்தல் திறக்கிற வேலை செய்கிறவன். கேட்கவா வேண்டும்!

காலை பஸ்ஸில் வந்து இறங்கியவன், தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

“அண்ணி, எங்க ஹொட்டேலுக்கு ரெண்டு நாள் லீவுல வர்றவங்க ஒரு எடம் விட மாட்டாங்க. இந்த பார்ல கொஞ்சம், அந்த பார்ல கொஞ்சம், நடுவுல எறால், நண்டு, பொழுது சாய கடலோரம் ஒரு நடை. நான் ஊத்திக் குடுத்துக்கிட்டே இருப்பேன். ஒரு நாளைக்கு நானும் அப்படி ஊர் பாக்க வந்தவனா இருந்து பாக்கணும்.”

“கண்டி நம்ம ஊருதானே தம்பி?”

“ஹேவாஹெட்ட தோட்டத்துல இருந்து கண்டிக்கு வந்து நம்ம என்னத்த பாத்தோம்? ஆஸ்பத்திரி, அடையாள அட்டைக்கு அலஞ்ச கச்சேரி, பஸ் ஸ்டாண்ட். வேற?”

மெஷினுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் கணவர், வாசலில் செருப்பை மாட்டுகிற சாக்கில் என் காதருகே குனிந்து, “அவன தனியா விட்டுறாத” என்றார். இப்படித்தான் நான் கடையில் லீவு சொல்லிவிட்டு, நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு ஊர் காட்டப் புறப்பட்டேன். தன் உடம்பில் ஒரு பாகத்தை அறுத்துக் கொடுக்க வந்தவனிடம், பாருக்கெல்லாம் வேண்டாம், பாணும் பருப்பும் சாப்பிட்டுவிட்டு வீட்டில் இருங்கள் என்று சொல்ல எனக்கு ஏது வாய்?

மாடியில் கூட்டமில்லை. வாவி தெரிகிற பக்கமாக இரண்டு வெள்ளைக்காரர்கள் வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். சுமன் நாற்காலியில் உட்காரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போத்தல்கள் அடுக்கியிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கிளாஸ் கழுவுகிற தொட்டியை எட்டிப் பார்த்தான். பிறகு பார்க்காரனிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் நெடுநாள் சிநேகிதர்கள் போலச் சிரித்தார்கள். தொழில்காரர்களுக்குள் ஒட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஆனால் பார்க்காரன் ஊற்றுகிற நேரம் பார்த்து, சுமனின் அகன்ற முதுகு எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

இரண்டு கிளாஸ்களோடு வந்து உட்கார்ந்தான். “இஞ்சி பியர் அண்ணி. பேருலதான் பியர். குடிங்க” என்றான். அவன் பாதியை ஒரே மூச்சில் குடித்தான். நான் என் கிளாஸைத் தொடவில்லை. அவன் கிளாஸின் நிறத்தையும் என் கிளாஸின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடையது ஒரு மாற்றுக் கூடுதலாகச் சிவந்திருந்ததா, ஜன்னல் வெளிச்சம் பட்டதா?

அவன் தன் கிளாஸை மேசைமேல் தள்ளி என் முன்னால் வைத்தான்.

“மணந்து பாருங்க.”

சீச்சீ, என்ன தம்பி இது, என்று சொல்லியிருக்க வேண்டும். மானமுள்ள எவளும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். நான் குனிந்து மணந்து பார்த்தேன். இஞ்சிதான். சீனியும் இஞ்சியும்தான். நிமிர்ந்தபோது காதுமடல் இரண்டும் கொதித்தன. அவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் சாய்ந்து, கீழே வாவியைச் சுற்றி ஓடுகிற வாகனங்களைப் பார்க்க ஆரம்பித்தான். சாய்ந்த வேகத்தில் அவனுடைய சட்டை கொஞ்சம் மேலேறி இடுப்பு தெரிந்தது. சிறுநீரகம் இருக்கிற அந்த இடத்தை நான் பார்த்தேன். கண்ணை எடுக்க நினைத்தும் முடியவில்லை. சந்தையில் காய்கறியை அமுக்கிப் பார்க்கிறவளின் பார்வைதான் அது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் பார்த்தேன்.

அடுத்ததாக அவன் கூட்டிப்போன இடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. “வெளிநாட்டுக்காரன் பாக்காத எடமும் ஒண்ணு பாக்கணுமில்ல?” என்றான். கம்பிவலை போட்ட சிறிய ஜன்னல், அதற்கு முன்னால் நின்றபடி குடிக்கிற ஆண்கள், ஈரத் தரை, புளித்த வாடை. அங்கே பெண்ணென்று ஒருத்தியும் இல்லை. இந்த முறை அவன் என்னைக் கேட்கவில்லை. “இந்தா வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு முதுகுகளுக்கு இடையில் நுழைந்து மறைந்தான்.

குடை திருத்துகிறவர் ஒருவரின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். போகிறவர் வருகிறவரெல்லாம் என்னை ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டு போனார்கள். குடிகாரப் புருஷனை இழுத்துப்போக வந்தவள் என்று நினைத்திருப்பார்கள். நினைத்தால் நினைக்கட்டும். அவனுக்குப் போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். மெஷினில் கிடக்கிற மனுஷனின் முகம் கண்முன் வந்தது. கையில் இரத்தக் குழாய் புடைத்து, தோல் கறுத்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தால் பேச்சுக்கூட இல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிற மனுஷன். இன்னொரு கிட்னி எங்கே போய்த் தேடுவது? வெட்கத்தை விட்டு அந்த வாசல்படியில் கால் வைத்துவிட்டேன். நின்றிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்போதுதான் சுமன் வெளியே வந்தான். எதையோ மென்றுகொண்டிருந்தான். பெருஞ்சீரக வாசம் அடித்தது.

அதை எதற்காக மெல்லுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் முகம் கேட்டுவிட்டது போலிருக்கிறது. நடுச் சந்தில் நின்று, என் முகத்துக்கு நேரே குனிந்து, வாயை அகலத் திறந்து “ஹா” என்று ஊதினான்.

“போதுமா? பொலிஸ்காரன் வச்சிருக்கிற பலூன் இருந்தா அதுலயும் ஊதிக் காட்டுவேன். மூத்திரம் பெய்யத்தான் போனேன் அண்ணி. வாசல்ல தட்டுல வச்சிருந்தான், ஒரு கிள்ளு எடுத்துப் போட்டேன். அம்புட்டுத்தான்.”

குடை திருத்துகிறவர் தலையைக் குனிந்துகொண்டார். சாராய வாடை வரவில்லை. வரவில்லை என்றுதான் நினைத்தேன். அந்தச் சந்து முழுக்க அதே வாடையாக இருக்கும்போது அவன் வாயிலிருந்து வந்ததை மட்டும் பிரித்தறிய நான் என்ன மோப்ப நாயா?

அங்கிருந்து நடந்து, ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குள் போனோம். முன்பக்கத்தில் கொத்து ரொட்டி போடுகிற சத்தம் காதைப் பிளந்தது. எங்களுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. சுமன் பாபத்தும் பராட்டாவும் கேட்டான். மாட்டுக் குடலை மிளகாய் போட்டு வறட்டியது, எண்ணெய் மிதக்கும். “அதுல உப்பு, கொழுப்பு...” என்று தொடங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அவன் சுவரில் மாட்டியிருந்த சாப்பாட்டுப் பலகையைப் பார்க்கிறவன் போலக் கண்ணை அங்கேயே வைத்துக்கொண்டு சொன்னான்:

“சரி, நீங்களே சொல்லுங்க. உங்க கிட்னிக்கு என்ன பிடிக்கும்?”

பக்கத்தில் நின்ற பரிமாறுகிறவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை நாளாக அடக்கி வைத்திருந்த ஆத்திரம் முழுவதும் வந்தது. இவன்மேல், மெஷின்மேல், தன் வருத்தத்தை மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்து கால் வீங்கின பிறகு காட்டிய என் கணவர்மேல், ஒத்துவராத என் இரத்தத்தின்மேல். அழுகை வந்தால் கெட்டுப்போகும் என்று தண்ணீர்க் கிளாஸை எடுத்துக் குடித்தேன்.

“நானா, பாபத்தே குடுங்க” என்று பரிமாறுகிற முஸ்லிம் அண்ணனிடம் சொன்னேன். “ரெண்டு பேருக்கும்.”

நான் பாபத் தின்பதில்லை. அன்றைக்குத் தின்றேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே தின்றான். பாதியில், தன் தட்டில் இருந்த நல்ல துண்டுகள் இரண்டை எடுத்து என் தட்டில் வைத்தான். மன்னிப்புக் கேட்கிற விதம் அதுதான் போல.

பொழுது இறங்குகிற நேரம் வாவியைச் சுற்றி நடந்தோம். மரங்களில் நீர்க்காகங்கள் அடைகிற நேரம் அது. எச்சத்துக்குப் பயந்து, மழையில்லாமலே குடை பிடித்துக்கொண்டு ஆட்கள் போனார்கள். நானும் குடையை விரித்தேன். உயரம் அவனுக்கு, பிடிக்கிறது நான், குடைக்கம்பி அவன் தலையில் இடித்துக்கொண்டே வந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவனே குடையை வாங்கிப் பிடித்தான். வெள்ளை மதிலுக்குக் கீழே தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. பொரி போடுகிற இடத்தில் மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைத் திறந்தன.

“எங்க கடல் மாதிரி இல்ல” என்றான். “சத்தமே இல்லாம கெடக்கு.”

மதிலில் கையூன்றி நின்றான். முகத்தைத் திருப்பாமலேயே பேசினான்.

“எனக்குப் பயமா இருக்கு அண்ணி.”

“பயமாத்தான் இருக்கும் தம்பி” என்றேன். வேறென்ன சொல்வது?

“போன தடவ வந்தப்ப அந்தப் பொம்பள டொக்டர் என்னைய மட்டும் தனியா கூப்பிட்டாங்க. ‘உங்களுக்கு விருப்பமில்லாட்டி எங்கிட்ட சொல்லுங்க. ஒத்துவரலன்னு நாங்க வீட்டாளுங்ககிட்ட சொல்லிருவோம். நீங்க சொன்னதா ஒருத்தருக்கும் தெரியாது’ன்னாங்க. நாளைக்கும் கேப்பாங்களாம்.”

மதிலைப் பிடித்துக்கொண்டேன். அப்படியொரு வழி இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். இவன் அதை ஏன் என்னிடம் சொல்கிறான்?

“நம்ம தோட்டத்து முனியாண்டி கோயில்ல கெடா வெட்டுவாங்கல்ல” என்றான். “மஞ்சத் தண்ணிய தெளிச்சிட்டு, அது ஒடம்ப உலுக்குற வரைக்கும் வெட்டாம நிப்பாங்க. உலுக்கினா சாமி உத்தரவு குடுத்துருச்சு, ஆடும் சம்மதிச்சிருச்சும்பாங்க. சின்னப் புள்ளையில நான் அப்பாகிட்ட கேட்டிருக்கேன், உலுக்கலன்னா என்னப்பா செய்வாங்கன்னு.”

“என்ன சொன்னாரு மாமா?”

“திரும்பத் தெளிப்பாங்கடான்னாரு.”

அதற்குப் பிறகு அவன் வரிசையாகச் சொன்னான். அம்மா போனில் தினமும் அழுவது. தோட்டத்து உறவுக்காரர்கள் லைன் வீட்டு வாசலில் வைத்து மாலை போட்டது. ஊரே அவனைத் தியாகி என்றது. அண்ணன் மட்டும் ஒரு வார்த்தையும் கேட்காமல், பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொள்வது. “அதுதான் அண்ணி எல்லாத்தையும் விடக் கூடுதல்” என்றான். காலையிலிருந்து நானும் திரும்பத் திரும்பத் தண்ணீர் தெளித்துக்கொண்டுதானே இருந்தேன்? மணந்து பார்த்தது, வாசலில் நின்றது, உப்பைச் சொன்னது எல்லாம்?

“நீங்க சொல்லுங்க” என்றான். “நான் நாளைக்கு என்ன சொல்லட்டும்?”

“உங்க விருப்பம் தம்பி. வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க. நான் அவருகிட்ட மூச்சு விட மாட்டேன்” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவள். வாய் நிற்கவில்லை. “அவருக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா” என்று அதே மூச்சில் சொல்லிவிட்டேன்.

சுமன் குடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

வீட்டில் என் கணவர் சுவரோரம் படுத்திருந்தார். சுமன் குளிக்கப் போன பிறகு, “குடிச்சானா?” என்று கேட்டார்.

“இல்ல.”

“நிச்சயமா தெரியுமா?”

“இஞ்சித் தண்ணிதான் குடிச்சாரு. பேசாம படுங்க” என்று எரிந்து விழுந்தேன். அவர் அப்படியே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலையில் இரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை, சுத்தம் என்று நர்ஸ் வந்து சொன்னபோது, சந்தேகப்பட்டதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பிறகு சுமனைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள். கதவு மூடியது. நானும் அவரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் சாமி கும்பிடுகிறவர் போலக் கைகளைக் கோத்து மடியில் வைத்திருந்தார். சுமன் வெளியே வந்தான். முகத்தில் எழுத்து ஒன்றும் இல்லை. என்னைப் பார்க்காமல் அண்ணனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“சம்சாரத்தையும் வரச் சொன்னாங்க” என்றார் நர்ஸ்.

நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளே மூன்று டொக்டர்மார் இருந்தார்கள். நடுவில் இருந்த பெண் டொக்டர்தான் பேசினார். சிங்களவர், தமிழைப் படித்துப் பேசுகிறவர். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“அம்மா, தம்பி சொன்னதை நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதை அவருக்கும் சொல்ல மாட்டேன். நீங்க ஒரே வீட்டு ஆள். உண்மை சொல்லுங்க. அவருக்குச் சொந்த விருப்பம் இருக்கா?”

விருப்பந்தான் டொக்டர். இந்த இரண்டு சொல்தான் சொல்ல வேண்டும். கேள்வி முடியும் முன்பே அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அவன் உள்ளே ஆமென்று சொல்லியிருந்தால், நான் சொல்கிற வேறு எதுவும் அதைக் கெடுத்துவிடும். அவன் இல்லையென்று சொல்லியிருந்தால், நான் சொல்கிற ஆமென்பது அவனைத் திரும்பவும் இழுத்துக்கொண்டு வரும். டொக்டர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

“பயப்படுறாரு, டொக்டர்” என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. என் புருஷனின் உயிரை நானே என் வாயால் தள்ளிவிட்டேனோ?

“பயம் எல்லாருக்கும் வரும்” என்றார் டொக்டர். “நான் விருப்பத்தைக் கேட்டேன்.”

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதன்வழியே வெளியே பெஞ்ச் தெரிந்தது. ஸ்கேனுக்காக வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லி சுமனிடம் ஒரு பெரிய போத்தலைக் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் என் கணவர். அவருக்கு ஒரு நாளைக்கு அளந்த தண்ணீர்தான். அன்றைய பங்கு மாத்திரையோடு முடிந்துவிட்டது. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. சுமன் போத்தலின் மூடியைத் திருகினான். அண்ணனை ஒருமுறை பார்த்தான். மூடியைத் திரும்பவும் இறுக்கினான்.

“அம்மா?” என்றார் டொக்டர்.

சுமன் எழுந்து, நடைபாதையின் தடித்த தூணுக்குப் பின்னால் போனான். அண்ணன் கண்ணுக்கு மறைந்தான், எனக்குத் தெரிந்தான். தலையை அண்ணாந்து போத்தலைக் கவிழ்த்தான். தொண்டை ஏறி ஏறி இறங்கியது. முழுவதும் குடித்தான். பிறகு சட்டைக் கையால் வாயைத் துடைத்தான். மோவாயில் வழிந்ததைத் துடைத்தான். ஈரம் ஒரு பொட்டும் தெரியக் கூடாது என்பது போல, உதட்டைத் திரும்பவும் திரும்பவும் துடைத்துக்கொண்டே நின்றான்.